ஆச்சியோட இன்சுலினும் ஆறு பாட்டில் ஐஸும்: கரண்ட் இல்லாம ஃபிரிட்ஜ் ஓட்டுறது எப்படி?

(எபிசோடின் ஒலிப்பதிவைச் சுருக்கி, வாசிக்க ஏற்றபடி திருத்திய எழுத்து வடிவம்.)

"மாடியில சோலார் போட்டுட்டா, கரண்ட் போனாலும் ஃபிரிட்ஜ் ஓடும்தானே?" இந்தக் கேள்வியை என்கிட்ட நிறைய பேர் கேட்டிருக்கீங்க. சின்ன பதில்: பெரும்பாலான வீடுகள்ல ஓடாது. பெரிய பதில்தான் இந்த எபிசோட். அதைச் சொல்லணும்னா உங்களை எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும்.

எங்க ஊர் கல்லிடைக்குறிச்சி. தாமிரபரணிக்கு அந்தக் கரையில அம்பாசமுத்திரம், இந்தக் கரையில நாங்க. அப்பளத்துக்குப் பேர் போன ஊர். மேற்க பார்த்தா பொதிகை மலை. கொஞ்சம் மேல போனா பாபநாசம். அங்க 1944-லேயே தண்ணியில இருந்து மின்சாரம் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. அப்படிப்பட்ட ஊர்ல, 2023 டிசம்பர்ல, எங்க ஆச்சி மூணு நாள் கரண்ட் இல்லாம இருந்தாங்க. ஃபிரிட்ஜுக்குள்ள அவங்களோட இன்சுலின்.

மாடியில கெடக்கது கண்ணாடியா?

2023 டிசம்பர் 17, 18. தென் மாவட்டங்கள்ல பெய்த மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல சுமார் 95 செ.மீ. கொட்டுச்சு. சென்னையில ஒரு வருஷம் முழுக்கப் பெய்யிறதே ஏறக்குறைய 140 செ.மீ.தான்னு நினைச்சுப் பாருங்க. ஆத்துல வெள்ளம், ரோடு துண்டிப்பு, எங்க தெருவுல கரண்ட் இல்ல, போனும் போகல.

நான் சென்னையில இருந்தேன். கவலையா இருந்துச்சு, ஆனா மனசுக்குள்ள ஒரு தைரியமும் இருந்துச்சு. ஏன்னா அந்த வருஷம்தான் ஆச்சி வீட்டு மாடியில சோலார் பேனல் போட்டிருந்தோம். ஃபிரிட்ஜ் எப்படியும் ஓடும்னு நானா முடிவு பண்ணிட்டேன்.

மூணாவது நாள் சாயங்காலம் லைன் கிடைச்சுது. ஆச்சி சொன்ன முதல் வார்த்தை: "ஏலே, மாடில கெடக்கது வெறும் கண்ணாடிதானாலே? வீடே இருட்டாக் கெடக்கு."

எங்க மாடியில இருந்தது ஆன்-கிரிட் சோலார், அதாவது மின்வாரியத்தோட லைன்ல கலக்குற வகை. லைன்ல கரண்ட் இருந்தாத்தான் அந்த இன்வெர்ட்டர் வேலை செய்யும். லைன் போன அடுத்த நொடி தன்னை நிறுத்திக்கும். அது கோளாறு இல்ல, வேணும்னே அப்படி வச்சிருக்காங்க. ஒரு லைன்மேன், லைன் ஆஃப்ல இருக்குன்னு நம்பி கம்பத்துல ஏறியிருப்பார். அந்த நேரத்துல நம்ம வீட்டு மாடியில இருந்து கரண்ட் லைனுக்குள்ள போனா அவர் உயிருக்கு ஆபத்து. அதனாலதான் அந்த ஏற்பாடு. போட்டுக் கொடுத்தவங்க இதை எங்ககிட்ட சொல்லல. நானும் கேட்கல.

2024 பிப்ரவரியில வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்துல கிடைக்கிற மானியமும் இந்த மாதிரி லைனோட சேர்ற சோலாருக்குத்தான். கரண்ட் பில் குறைக்க அது நல்ல வழி. ஆனா கரண்ட் போகும்போது வீடு ஓடணும்னா பேட்டரியோட தனி ஏற்பாடு வேணும். முதல்ல இந்த வித்தியாசத்தைப் புரிஞ்சுக்கோங்க.

வாட்ஸைப் பார்க்காதீங்க, யூனிட்டைப் பாருங்க

அடுத்த மாசமே ஊருக்குப் போனேன். ஆச்சிகிட்ட ஏற்கெனவே ஒரு சின்ன சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ் இருந்துச்சு. அதை மட்டும் ஓட்ட தனியா ஒரு சின்ன சோலார் செட் போடணும். எனக்கு உதவி பண்ணது அம்பாசமுத்திரத்துல கடை வச்சிருக்கிற ஒரு எலக்ட்ரீசியன் அண்ணன். "ஃபிரிட்ஜ் 90 வாட்ஸ்தானே அண்ணே, ஒரு 100 வாட்ஸ் பேனல் போதாதா?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டு, "தம்பி, லைட்டு ராத்திரி நாலு மணி நேரம் எரியும். ஃபிரிட்ஜுக்கு லீவே கிடையாது"ன்னார்.

அவர் சொன்னது ரொம்ப முக்கியமான விஷயம். தமிழ்நாட்டுல 2011-ல ஆரம்பிச்ச பசுமை வீடுகள் திட்டத்துல ஒவ்வொரு வீட்டுக்கும் சோலார்ல எரியிற அஞ்சு சிஎஃப்எல் பல்பு கொடுத்தாங்க. சோலார்ல விளக்கு எரிக்கிறது அவ்வளவு சுலபம். ஃபிரிட்ஜ் அப்படி இல்ல. அது விட்டு விட்டு, ராத்திரி பகல் பார்க்காம ஓடும். அதனால 'எத்தனை வாட்ஸ்'னு கேட்காம, 'ஒரு நாளைக்கு எத்தனை யூனிட்'னு கேட்கணும்.

இதுக்கு ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கிற ஸ்டார் லேபிளைப் பாருங்க. வருஷத்துக்கு எத்தனை யூனிட்னு போட்டிருக்கும். அதை 365-ஆல வகுங்க. 180 யூனிட்னா ஒரு நாளைக்கு சுமார் அரை யூனிட். ஆனா அது சோதனைக்கூடத்துக் கணக்கு. திருநெல்வேலி மே மாச வெயிலையும், மோர் எடுக்க ஒரு நாளைக்கு இருபது தடவை கதவைத் திறக்கிற வீட்டையும் சேர்த்தா, 0.7, 0.8 யூனிட்னு வச்சுக்கிறது பாதுகாப்பு.

கணக்கு இதோட முடியல. நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒரு செலவு இருக்கு: இன்வெர்ட்டர். பேட்டரியில இருக்கிறது டிசி கரண்ட், ஃபிரிட்ஜுக்கு வேணும்கிறது ஏசி. மாத்திக் கொடுக்கிறது இன்வெர்ட்டர். எதுவுமே ஓடாம சும்மா ஆன்ல இருந்தாலே எங்க வீட்டு இன்வெர்ட்டர் 15 வாட்ஸ் எடுத்துச்சு. 15-ஐ 24-ஆல பெருக்குங்க: 360 வாட்-அவர். அதாவது மூணுல ஒரு பங்கு யூனிட்டுக்கும் மேல. ஃபிரிட்ஜ் சாப்பிடுறதுல பாதியை, அதுக்குப் பரிமாறுறவரே சாப்பிட்டுடுறார்!

இன்னொண்ணு ஸ்டார்ட்டிங். பழைய வகை கம்ப்ரஸர் கிளம்புற அந்த அரை நொடியில, ஓடும்போது எடுக்கிறதைப் போல அஞ்சாறு மடங்கு இழுக்கும். 90 வாட்ஸ் ஃபிரிட்ஜுக்கு 200 வாட்ஸ் இன்வெர்ட்டர் வாங்கினா, ஒவ்வொரு தடவையும் ட்ரிப் ஆகும். புது வகை இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் மெதுவா கிளம்புறதால இந்தத் தொல்லை குறைவு. 12 வோல்ட் டிசி-யிலேயே நேரா ஓடுற சின்ன ஃபிரிட்ஜும் உண்டு, அதுக்கு இன்வெர்ட்டரே வேண்டாம். ஆனா விலை அதிகம், ரிப்பேர் பண்ண ஆள் தேடணும்.

ஆக எங்க மொத்தத் தேவை, 0.75-ஓட 0.36 சேர்த்து, ஒரு நாளைக்கு சுமார் 1.1 யூனிட்.

அப்பளம் காயாத நாள்

இப்போ வரவுக் கணக்கு. 330 வாட்ஸ் பேனல் ஒண்ணு. நல்ல வெயில் நாள்ல எங்க ஊர்ல முழு வெயிலுக்குச் சமமா ஒரு அஞ்சு மணி நேரம் கிடைக்கும்னு வைங்க. தூசி, சூடு, வயர், பேட்டரின்னு போற நஷ்டம் போக 70 சதவீதம்தான் கைக்கு வரும். 330 x 5 x 0.7, ஏறக்குறைய 1.15 யூனிட். செலவு 1.1, வரவு 1.15. மாசக் கடைசியில நம்ம பேங்க் பேலன்ஸ் மாதிரி! ஒரு நாள் மேகம் வந்தாலும் கதை முடிஞ்சுது. அதனால ரெண்டு பேனல் போட்டோம்.

எந்தப் பக்கம் பார்த்து வைக்கிறது? கல்லிடைக்குறிச்சி நிலநடுக்கோட்டுல இருந்து 9 டிகிரிக்குக் கொஞ்சம் கீழதான் இருக்கு. ஏப்ரல் பாதியில இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் மத்தியான சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாத்தான் போகும். அதனால ரொம்பச் சாய்க்க வேண்டாம். தெற்கு பார்த்து சுமார் 10 டிகிரி. மழைத்தண்ணி தூசியோட வழிஞ்சு ஓடுற அளவுக்குச் சாய்வு இருந்தாப் போதும்.

பிரச்சினை வெயில் நாள் இல்ல, மழை நாள். மூடாக்கு போட்ட நாள்ல பேனல் தர்றது அஞ்சுல ஒரு பங்கு, அதை விடக் குறைஞ்சாலும் குறையும். எங்க தெருக்காரங்களுக்கு இதைப் புரிய வைக்க நான் கஷ்டப்படவே இல்ல. அப்பளம் காயாத நாள்ல பேட்டரியும் நிறையாது. அவ்வளவுதான்.

சரி, பெரிய பேட்டரியா வாங்கிட்டா? 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் ட்யூபுலர் பேட்டரியில இருக்கிறது 1.8 யூனிட். ஆனா லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழ அடிக்கடி இறக்கினா சீக்கிரம் செத்துடும். அதனால நமக்குக் கிடைக்கிறது 0.9 யூனிட்தான். 2023 மாதிரி மூணு நாள் இருட்டைச் சமாளிக்க 3.3 யூனிட் வேணும். கிட்டத்தட்ட நாலு பேட்டரி. வருஷத்துல மூணு நாளுக்காக நாலு பேட்டரி வாங்கி, தண்ணி ஊத்தி, சில வருஷத்துல தூக்கிப் போட்டு... அந்த இடத்துலதான் இந்தத் திட்டமே வேண்டாம்னு தோணுச்சு.

போலியோ சொட்டு மருந்து எப்படித் தப்பிக்குது?

அப்போதான் ஒரு விஷயம் மண்டையில உதிச்சுது. எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜ் இருக்கு. அங்கயும் கரண்ட் போகும். அப்போ மருந்து எப்படிக் கெடாம இருக்கு?

அங்க இருக்கிறது ஐஎல்ஆர்னு சொல்ற ஐஸ் சுவர் ஃபிரிட்ஜ். மேல திறக்கிற பெட்டி. உள் சுவரைச் சுத்தி தண்ணி நிரப்பின உறைகள். கரண்ட் இருக்கும்போது அந்தத் தண்ணி ஐஸா உறையும். இல்லாதப்போ அந்த ஐஸ் உருகி உருகி உள்ள குளிரைக் காப்பாத்தும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் கரண்ட் இருந்தாப் போதும்கிற கணக்குல வடிவமைச்சது.

உலக அளவுலயும் இதே கதைதான். 1980-கள்ல இருந்தே பேட்டரி வச்ச சோலார் தடுப்பூசி ஃபிரிட்ஜ் பல நாடுகளுக்குப் போச்சு. பல இடத்துல முதல்ல மக்கர் பண்ணது பேட்டரிதான். 2000-களோட தொடக்கத்துல உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், கிரீன்பீஸ் எல்லாம் சேர்ந்த 'சோலார்சில்' திட்டம் பேட்டரியையே தூக்கிட்டுது. பேனல்ல இருந்து நேரா கம்ப்ரஸருக்குக் கரண்ட். பகல்ல ஐஸ் உறையும், ராத்திரி அந்த ஐஸே காவல். இந்த வகை ஃபிரிட்ஜ் சூரியன் இல்லாம குறைஞ்சது மூணு நாள் தாங்கணும்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட விதி. மூணு நாள்! எங்க ஆச்சி இருட்டுல இருந்த அதே மூணு நாள்.

அதாவது கரண்டைச் சேர்த்து வைக்கிறதுக்குப் பதிலா குளிரையே சேர்த்து வைக்கிறாங்க. ஒரு லிட்டர் தண்ணி ஐஸா உறைஞ்சா, உருகும்போது 93 வாட்-அவர் அளவு சூட்டை உள்ள இழுத்துக்கும். ஆறு லிட்டர்னா சுமார் 560. அவ்வளவு ஐஸ் உறைய வைக்க ஃபிரிட்ஜ் எடுக்கிற கரண்ட் சுமார் 350 வாட்-அவர். ட்யூபுலர் பேட்டரியில நமக்குக் கிடைக்கிற 0.9 யூனிட்ல மூணுல ஒரு பங்குக்கும் மேல. ஆறு பழைய தண்ணி பாட்டில்ல! விலை பூஜ்யம்.

நாங்க செஞ்சது, நான் சொதப்பினது

ஃப்ரீசர் முழுக்க ஆறு பாட்டில் தண்ணி. உறையும்போது விரியும்கிறதால மேல கொஞ்சம் காலியா விட்டோம். காலையில 9 மணிக்கு, தெருவுல அப்பளம் மாடிக்கு ஏறுற நேரத்துல, ஆச்சி இன்வெர்ட்டரை ஆன் பண்ணுவாங்க. சாயங்காலம் 4 மணிக்கு, அப்பளம் இறங்கும்போது, ஆஃப். ராத்திரி முழுக்க ஐஸ்தான் ஃபிரிட்ஜை ஓட்டுது. இன்வெர்ட்டர் 24 மணி நேரத்துக்குப் பதிலா 7 மணி நேரம்தான் ஆன்ல இருக்கு. அதோட சும்மா செலவு 360-ல இருந்து 105-க்கு வந்துடுச்சு. மொத்தத் தேவை 1.1 யூனிட்ல இருந்து 0.8, 0.9-க்கு இறங்கிடுச்சு. அதுல பெரும்பகுதி வெயில் அடிக்கும்போதே பேனல்ல இருந்து போயிடுது. பேட்டரி ஒண்ணே போதும்.

இந்தச் செட்டை வீட்டு மெயின் போர்டோட இணைக்கவே இல்ல. ஃபிரிட்ஜ் ப்ளக்கை மட்டும் கையால மாத்துறோம். வெயில் இருந்தா சோலார் சாக்கெட், இல்லைன்னா கரண்ட் சாக்கெட். மாத்தும்போது அஞ்சு நிமிஷம் விட்டுத்தான் போடணும், இல்லைன்னா கம்ப்ரஸர் திணறும். பேட்டரிக்குப் பக்கத்துல ஃபியூஸ் கட்டாயம். லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது வாயு வரும், அதனால காத்தோட்டமான இடத்துலதான் வைக்கணும்.

இப்போ நான் சொதப்பின கதை. "உப்பு போட்டா இன்னும் நல்லா குளிரும்"னு எங்கேயோ கேட்டது ஞாபகம் வந்து, பாட்டில் தண்ணியில உப்பைக் கரைச்சேன். நல்லாவே குளிர்ந்துச்சு. அதுதான் தப்பாப் போச்சு. சாதா ஐஸ் 0 டிகிரியில உருகும். உப்புத்தண்ணி ஐஸ் அதுக்கும் கீழ உருகும். ஃப்ரீசருக்கு நேர் கீழ இருந்த ரெண்டு இன்சுலின் வயல் உறைஞ்சுடுச்சு. உறைஞ்ச இன்சுலினை மறுபடி உருக வச்சுப் போடக்கூடாது. பார்க்க நல்லாத்தான் இருக்கும், வேலை செய்யும்னு நம்ப முடியாது. ரெண்டையும் தூக்கிப் போட்டோம். சூடாயிடுமோன்னு பயந்து பயந்து, உறைய வச்சுக் கெடுத்தவன் நான்.

அதுக்கப்புறம் சாதா தண்ணிதான். இன்சுலினை நடுத் தட்டுல, பின்சுவரைத் தொடாம, ஒரு டப்பாவுல வச்சோம். கூடவே, உச்ச அளவையும் குறைஞ்ச அளவையும் ஞாபகம் வச்சுக்கிற ஒரு சின்ன தெர்மாமீட்டர். 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கான்னு ஒரு வாரம் எழுதிப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

இன்னொரு விஷயத்தையும் டாக்டர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். இப்போ போட்டுக்கிட்டு இருக்கிற, திறந்த இன்சுலின் பொதுவா சுமார் நாலு வாரம் வெளியிலேயே தாங்கும், ரொம்பச் சூடு படாம இருந்தா. எத்தனை நாள், எத்தனை டிகிரின்னு உங்க மருந்தோட வர்ற தாள்லயே இருக்கும், உங்க டாக்டர்கிட்டயும் கேட்டுக்கோங்க. அதாவது ஃபிரிட்ஜுக்குள்ள இருந்தே ஆகணும்கிறது திறக்காத ஸ்டாக் மட்டும்தான். ஒரு டிபன் பாக்ஸ்ல அடங்குற அளவு. அதுக்காகத்தான் நான் நாலு பேட்டரி கணக்கு போட்டுக்கிட்டு இருந்தேன்!

"அந்தக் காலத்துல மண்பானைல வைப்போம்லா?"ன்னு ஆச்சி கேட்டாங்க. நல்ல கேள்வி. பக்கத்துலதான் காருகுறிச்சி, மண்பாண்டத்துக்குப் பேர் வாங்கின ஊர். ஈரப் பானை சித்திரை வெயில்ல சில டிகிரி குறைச்சுக் கொடுக்கும். ஆனா அது தண்ணி ஆவியாகுறதால வர்ற குளிர்ச்சி. அடைமழையில காத்துல ஈரம் நிறைஞ்சிருக்கும்போது ஆவியாகாது, பானையும் குளிராது. பேனலும் பானையும் வெயில் நாள் நண்பர்கள். ரெண்டுமே மழையில கைவிட்டுடும். மழைக்கு முன்னாடியே உறைஞ்ச ஐஸ் மட்டும்தான் மழையில கூட நிக்கும்.

மறுபடியும் ஒரு டிசம்பர்

2024 டிசம்பர் 12, 13. திரும்பவும் பெருமழை, தாமிரபரணியில வெள்ளம். எங்க வீட்டுல ஒன்றரை நாள் கரண்ட் இல்ல. பேனல்ல பேருக்குத்தான் ஏதோ வந்துச்சு. முதல் நாள் பேட்டரியில ஃபிரிட்ஜ் ஓடுச்சு. பேட்டரி இறங்கினதும் ஏற்கெனவே பேசி வச்சிருந்த மாதிரி ஆச்சி ஒரு தெர்மாகோல் பெட்டியில மூணு ஐஸ் பாட்டிலை வச்சு, மேல துண்டை மடிச்சுப் போட்டு, அதுக்கு மேல இன்சுலின் டப்பாவையும் தெர்மாமீட்டரையும் வச்சு மூடிட்டாங்க. ஐஸ் மருந்தைத் தொடக்கூடாது, துண்டு அதுக்குத்தான். மீதி மூணு பாட்டில் ஃப்ரீசர்லயே, கதவைத் திறக்காம.

பெரிய ஃபிரிட்ஜை ராத்திரி முழுக்கக் குளிர வைக்க ஆறு பாட்டில் வேணும். சின்னப் பெட்டிக்கு மூணு பாட்டில் ஒரு நாளுக்கு மேலயே தாங்கும். கரண்ட் வந்தப்போ தெர்மாமீட்டர்ல குறைஞ்சது 4, அதிகபட்சம் 7.

இந்தத் தடவை போன் கிடைச்சுது. "ஆச்சி, மருந்து எப்படி இருக்கு?"ன்னு கேட்டேன். "மருந்து நல்லாத்தாம்லே இருக்கு. மோர்தான் புளிச்சுப் போச்சு. அதுக்கு ஒரு பாட்டிலு சேத்து வைக்கக் கூடாதா?"

அதனால நீங்க சோலார் ஃபிரிட்ஜ் பத்தி யோசிச்சா, பேனல் விலை, பேட்டரி விலை கேட்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. கரண்ட் போனா என் சோலார் ஓடுமா, நிக்குமா? என் ஃபிரிட்ஜும் இன்வெர்ட்டரும் சேர்ந்து ஒரு நாளைக்கு எத்தனை யூனிட்? வீட்டுல எது கட்டாயம் குளிர்லயே இருக்கணும், எது புளிச்சாலும் பரவாயில்ல? மூணாவது கேள்விக்குப் பதில் தெரிஞ்சா, வாங்க வேண்டிய பேட்டரி எண்ணிக்கை தானாக் குறையும்.

உங்க வீட்டுலயும் இன்சுலினோ வேற குளிர் மருந்தோ எடுத்துக்கிறவங்க இருந்தா, அடுத்த மழைக்கு முன்னாடி, இன்னைக்கு ராத்திரியே, ஃப்ரீசர்ல ரெண்டு பாட்டில் தண்ணி வச்சுடுங்க. உப்பு போடாதீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.